வீட்டுப் படம் இல்லாத பக்கம்

பொங்கலுக்குப் பொங்கல் மற்றவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். ஓடைப்பட்டி வேலுச்சாமி தன் இணையதளத்துக்கு வெள்ளையடிப்பார். வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்து கிடக்கும், அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. தை பிறப்பதற்குள் தளத்தின் நிறம் மாறியாக வேண்டும், எழுத்து மாறியாக வேண்டும், உச்சியில் ஒரு வாழ்த்து வரி வலமிருந்து இடமாக ஓடியாக வேண்டும். ஆறு ஏக்கர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற மனுசனுக்கு இது என்ன கிறுக்கு என்று ஊரில் கேட்டார்கள். சீட்டு, தண்ணி என்று எந்தப் பழக்கமும் இல்லாத ஆளுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அவர் மனைவி ராஜாத்தி பதில் சொன்னாள்.

அவருடைய கம்ப்யூட்டர் இரண்டாயிரத்து ஒன்றில் தேனியில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. கூடவே வாங்கிய தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்து, யாரிடமும் போய் நிற்காமல், வேலுச்சாமி தானே பக்கம் கட்டப் பழகினார். அமெரிக்காவில் ஏதோ ஒரு நிறுவனம் யார் கேட்டாலும் இலவசமாக இடம் கொடுத்தது. 'வேலுச்சாமி இல்லம்' என்று பெயர் வைத்து, என் தோட்டம், என் ஊர், என் குடும்பம், விருந்தினர் ஏடு என்று ஒவ்வொன்றாகக் கட்டினார். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அடியில் ஓட்டு வீடு மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். அதைச் சொடுக்கினால் முகப்புக்கு வந்துவிடலாம். அந்த வீட்டை மவுஸைப் பிடித்து வரைந்தவள் ராஜாத்திதான். கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நேராக்கித் தருகிறேன் என்று வேலுச்சாமி சொன்னதற்கு, சாய்ந்தால்தான் நம் வீடு என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் காலத்து இணைப்பு போன் கம்பி வழியாகத்தான் வரும். இவர் நெட்டில் இருக்கிற நேரம் வீட்டுக்கு யார் போன் போட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். ஒரு அவசரம் என்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டாயிரத்து மூன்று ஆடி மாதம் அது நடந்தது. ராஜாத்தி பண்ணைப்புரத்தில் இருக்கும் தம்பி பால்பாண்டியின் பிறந்த குழந்தையைப் பார்க்கக் காலை பஸ்ஸில் போனாள். நான்கு வயது மகள் சிம்ரனை வேலுச்சாமியின் தங்கை அன்னத்தாய் பார்த்துக்கொண்டாள். அன்னத்தாய் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து இருப்பவள். ராஜாத்திக்குச் சின்ன வயதிலிருந்தே இருதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. அவ்வப்போது மூச்சு வாங்கும், மாத்திரை போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தால் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு வரச் சொல்லலாம் என்று வேலுச்சாமிக்குப் போன் போட்டார்கள்.

வேலுச்சாமி அன்று மதியம் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர். நீலமாக இருந்த தளத்தைத் திராட்சைப் பச்சைக்கு மாற்றி, நாற்பத்து மூன்று தோட்டப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு படம் ஏற நாலு நிமிஷம் ஆகும், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து நாற்பதுக்கு எல்லாம் ஏறி முடிந்தது. சோம்பல் முறித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார். உடனே போன் மணி அடித்தது. உத்தமபாளையம் ஆஸ்பத்திரியிலிருந்து பால்பாண்டி பேசினான். ஆட்டோவில் வரும்போது கோம்பை தாண்டியதுமே அக்காவின் உயிர் போய்விட்டது என்றான்.

ராஜாத்தியை எடுத்த அன்று பந்தலில் யாரோ ஒரு பெரியவர் கேட்டார். "ஏம்ப்பா, மத்தியானத்துல இருந்து போன் போட்டாகளாமே, கெடைக்கவே இல்லையா?"

"லைன் ரிப்பேர்ண்ணே. ஆடிக் காத்துல எங்கிட்டோ கம்பி அந்துருச்சு" என்றார் வேலுச்சாமி.

பச்சைப் பொய். அவர் யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது. ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றுக்குக் கம்பி அறுவது அதிசயமும் இல்லை. எல்லோரும் நம்பினார்கள். பால்பாண்டி பக்கத்தில்தான் நின்றான், ஒரு வார்த்தையும் பேசவில்லை. சொன்ன பொய்யைத் திருப்பி வாங்க வேலுச்சாமிக்கு அன்றைக்கும் தைரியம் இல்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

கருமாதி முடிந்த மறுவாரம் தளத்தில் ராஜாத்திக்கென்று ஒரு பக்கம் கட்டினார். கல்யாணப் படம், தோட்டத்தில் எடுத்த படம், கீழே பத்து வரி. அந்தப் பத்து வரியில் ஒன்று, 'அன்று எங்கள் தொலைபேசி பழுதாகியிருந்தது' என்பது. எழுதும்போது கை கூசியது என்றாலும் எழுதினார். ஊருக்கு ஒன்றும் தளத்துக்கு ஒன்றுமாகச் சொல்ல முடியாதே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

காப்பி கொண்டு வந்த அன்னத்தாய் திரையைப் பார்த்தாள்.

"மதினிக்குன்னு ஒரு பக்கம்" என்றார் வேலுச்சாமி.

"நல்லாத்தேன் இருக்கு. அடியில என்னண்ணே, வீடு மாதிரி?"

"அதத் தொட்டா வீட்டுக்கு வந்துரலாம். எல்லாப் பக்கத்துலயும் இருக்கும்."

அன்னத்தாயின் முகம் வெளிறிவிட்டது. டம்ளரை மேசையில் வைத்தாள்.

"பாதி வழியில பாடைய எறக்கி, தலமாட்டக் கால்மாடாத் திருப்பித் தூக்கிட்டுப் போனாகளே, அது எதுக்குண்ணே? வீட்டு வழி மறக்கணும்னுதான? அவுக அம்புட்டுப் பேரும் மெனக்கெட்டு மறக்க வச்சா, நீ இங்கன உக்காந்து வழி போட்டுக் குடுக்குறியா? பச்சப் புள்ள இருக்குற வீடு. எடுத்துரு அத."

வேலுச்சாமி எடுத்துவிட்டார். தங்கை பயந்தாள் என்பதற்காக எடுத்ததாகத்தான் அவளும் நினைத்தாள். உண்மை என்னவென்றால், ராஜாத்தி திரும்பி வருவாள் என்ற நினைப்பு வந்ததுமே அவரே பயந்துபோனார். வந்தால் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். தளத்தில் இருந்த இருபத்தாறு பக்கங்களில் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் உள்ளே வர வழி உண்டு, வெளியே போக வழி கிடையாது.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள், திரையின் மேலே பின்னால் போகிற அம்புக்குறி இருக்கிறதே என்று. இருக்கிறதுதான். அது வந்த வழி உள்ளவர்களுக்கு. வேறு எங்கும் போகாமல் நேராக அந்தப் பக்கத்திலேயே வந்து இறங்கியவருக்குப் பின்னால் என்று ஒன்று கிடையாது. அம்பு மங்கிப்போய்க் கிடக்கும், அமுக்கினாலும் நகராது.

அடுத்த பொங்கலுக்கு வேலுச்சாமி தளத்தில் ஒரு கணக்கெடுப்பானைப் பொருத்தினார். அதுவும் இலவசம்தான். யார் எந்தப் பக்கத்தில் நுழைந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எந்தப் பக்கம் வழியாக வெளியேறினார்கள், எந்த ஊர்க்காரர் என்று எல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும். மலேசியாவிலிருந்து ஒருவர், துபாயிலிருந்து இருவர் என்று பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தவர், ஐந்தாவது வரியில் நின்றுவிட்டார்.

நுழைந்த பக்கம் ராஜாத்தி. நுழைந்த நேரம் மதியம் இரண்டு பத்து. இருந்த நேரம் மூன்றரை மணி. முன்பு இருந்த பக்கம், இல்லை. வெளியேறிய பக்கம், இல்லை. ஊர், தெரியவில்லை.

யாரோ பக்கத்தைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் அதே வரி இருந்தது. இரண்டு பத்துக்கு நுழைவு, ஐந்து நாற்பதுக்கு முடிவு. அதற்கு மறுநாளும் அப்படியே. ஐந்து நாற்பது என்பது அவர் மறக்கக்கூடிய நேரமா? பட்டப்பகல், பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டார் ஓடுகிறது, வாசலில் சிம்ரன் பாண்டி விளையாடுகிறாள், இவருக்கு மட்டும் முதுகு சில்லிட்டுப்போனது.

சும்மாவா விட்டார்? பக்கத்தின் பெயரை மாற்றிப் பார்த்தார். புதுப் பெயருக்கு அந்த ஆள் அதே நேரத்துக்கு வந்தார். கணக்கெடுப்பானை அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் கழற்றினார். கழற்றிய பிறகும் வரி விழுந்தது. கம்பத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த உமர் பாரூக்கிடம், விஷயத்தைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் காட்டினார். பாரூக் விவரமான ஆள். பட்டியலைக் கீழிருந்து மேலாக இரண்டு தடவை பார்த்தார்.

"தேடுற மெஷின் எதுனாச்சும் வந்து போகும், அப்ப இந்த மாதிரி காட்டும். ஆனா மெஷின் வந்தா ஒரு செகண்டு இருக்கும், போயிரும். மூணரை மணி நேரம் உக்காந்திருக்காதுங்களே" என்றவர், "யாரு பக்கம் இது?" என்று கேட்டார். வேலுச்சாமி பேச்சை மாற்றிவிட்டு எழுந்து வந்தார்.

மனிதன் எதற்கும் பழகிவிடுவான் போலிருக்கிறது. ஆறு வருஷம் அந்த வரி தினமும் விழுந்தது, ஆறு வருஷமும் வேலுச்சாமி அதைப் பார்த்தார். பொங்கலுக்குப் பொங்கல் தளம் மாறிக்கொண்டே வந்தது. பழைய எழுத்துருவைத் தூக்கிப்போட்டு யூனிகோடுக்கு மாறினார். கட்டம் கட்டிய அமைப்பு போய் வேறு அமைப்பு வந்தது. ஓடுகிற வரி அசிங்கம் என்று அவருக்கே தோன்றி ஒரு வருஷம் நின்றது. ராஜாத்தியின் பக்கத்தில் மட்டும் கை வைக்கவில்லை. வாடகைக்கு ஆள் குடியிருக்கும் அறையைப் போல அதைத் தாண்டித் தாண்டிப் போனார். சில நாள் இரண்டு பத்துக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வரி விழுந்ததும், "வந்துட்டியா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டதும் உண்டு. பயமும் ஆசையும் ஒரே ஆளின் மேல் ஒரே நேரத்தில் இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சிம்ரன் வளர்ந்தாள். படிக்கத் தெரிந்ததும் அவள் முதலில் படித்தது அம்மாவின் பக்கத்தைத்தான். பத்து வரியும் அவளுக்கு மனப்பாடம். ஐந்தாம் வகுப்பில் டீச்சர் பெரியவளானதும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டதற்கு, "டெலிபோன் ஆபீஸ்ல சேந்து ஒரு லைனும் ரிப்பேர் ஆகாமப் பாத்துக்குவேன்" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடமும் சொன்னாள். வேலுச்சாமி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். உண்மை தெரிந்தால் இந்தப் பிள்ளை தன் முகத்தில் முழிக்குமா என்பதுதான் அதன் பிறகு அவருக்கு இருந்த ஒரே கேள்வி.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்த இலவச நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. அக்டோபர் மாதக் கடைசியோடு சேவையை நிறுத்துகிறோம், உங்கள் பக்கங்களை வேறு இடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு எல்லாம் அழிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள்.

வேலுச்சாமி புது இடம் பிடித்தார். தோட்டம், ஊர், குடும்பம் என்று ஒவ்வொன்றாக நகல் எடுத்துக் கொண்டுபோனார். ராஜாத்தியின் பக்கத்தையும் கொண்டுபோனார். ஆனால் புது இடத்தில் அந்தப் பக்கத்துக்கு ஒருவரும் வரவில்லை. கணக்கெடுப்பானில் இரண்டு பத்துக்கு வழக்கம்போல் வரி விழுந்தது, பழைய முகவரியில். பக்கத்தைத் தூக்கி வரலாம், உள்ளே இருப்பவளைத் தூக்கி வர முடியாது என்று அவருக்கு விளங்கிப்போனது.

அதோடு நேரமும் மாறத் தொடங்கியது. அக்டோபர் நடுவில் மதியம் ஒன்றுக்கே வரி விழுந்தது. பிறகு காலை பதினொன்று. கடைசி வாரத்தில் விடிந்து பார்த்தால் ஏற்கனவே உள்ளே இருந்தாள், வெளியேறவே இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்கள் வாசல் வரை வந்துவிட்ட மாதிரி இருந்தது அது.

கடைசி நாள் திங்கட்கிழமை. சிம்ரன் பள்ளிக்கூடம் போகும்போது பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, இன்னையோட பழசு எல்லாம் அழிஞ்சு போயிருமா?"

"ஆமாத்தா."

"அம்மா பக்கமும்?"

"அதப் புதுசுல வச்சிருக்கோம்ல."

"இல்லப்பா. புதுசுல அம்மா இல்ல" என்றாள் சிம்ரன். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பதற்குள் வேன் வந்து, ஏறிப் போய்விட்டாள்.

அன்று மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. வேலுச்சாமி தோட்டத்துக்குப் போகவில்லை. மதியம் வரை அறைக்குள் நடந்தார். வழி விட்டால் வந்துவிடுவாள், வந்தால் சும்மா இருக்க மாட்டாள், விருந்தினர் ஏட்டில் ஒரு வரி எழுதினால் போதும், தினமும் அதைத் திறந்து பார்க்கிற சிம்ரன் படித்துவிடுவாள். வழி விடாவிட்டால் இரவோடு பக்கம் போய்விடும், அதற்குள் இருப்பவளும் போய்விடுவாள். ஒரு தடவை சாகவிட்டவளை இரண்டாவது தடவையும் இங்கே உட்கார்ந்துகொண்டே சாகவிடுவதா?

மதியம் மூன்று மணிக்கு அவர் பழைய பக்கத்தின் அடியில் கூரை சாய்ந்த வீட்டைப் போட்டு ஏற்றினார். இப்போதெல்லாம் ஏற்ற ஒரு நொடிதான் ஆகிறது.

கணக்கெடுப்பானைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு, ஆறு வருஷமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் எழுத்து விழுந்தது. வெளியேறியது, முகப்புக்கு.

முகப்பில் ஒரு நிமிஷம் இருந்தாள். பிறகு 'என் தோட்டம்'. அங்கே நாற்பத்து மூன்று படங்கள் இன்னும் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் படம், இரண்டாம் படம், மூன்றாம் படம் என்று வரி வரியாக விழ விழ வேலுச்சாமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றைக்கூட விடவில்லை. எந்த வேலைக்காகத் தன்னைக் காக்க வைத்தார் என்று எண்ணிப் பார்க்கிற மாதிரி, நாற்பத்து மூன்றையும் பார்த்து முடித்தாள். பிறகு 'என் குடும்பம்'. சிம்ரனின் எல்கேஜி படம், பாலர் விழாவில் மயில் வேஷம் போட்ட படம், போன மாதம் சைக்கிளோடு எடுத்த படம். அங்கே வெகு நேரம் இருந்தாள். வீட்டுக்குள் யாரோ அறை அறையாக நடக்கிற மாதிரி இருந்தது. அடுப்படியில் அன்னத்தாய் பாத்திரம் துலக்குகிற சத்தத்துக்கே அவர் உடம்பு தூக்கிப்போட்டது.

அடுத்த வரி, விருந்தினர் ஏடு.

அவர் ஏட்டைத் திறந்தார். ஒரு புது வரி வந்திருந்தது.

பெயர், ராஜாத்தி. ஊர், பண்ணைப்புரம். கருத்து, முடிஞ்சிருச்சா?

வேறு ஒன்றுமில்லை. திட்டு இல்லை, சாபம் இல்லை, கேட்பாள் என்று ஆறு வருஷமாகப் பயந்த கேள்வியும் இல்லை. எது முடிந்ததா என்று கேட்கிறாள்? அவருக்குப் புரியவில்லை. ஊர் ஓடைப்பட்டி என்று போடாமல் பண்ணைப்புரம் என்று போட்டிருக்கிறாளே. அப்படியானால் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாளா?

சட்டையை மாட்டிக்கொண்டு ஆம்னி சாவியை எடுத்தார். அன்னத்தாய் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"எங்கண்ணே கெளம்பிட்ட, சொல்லாமக் கொள்ளாம?"

"பண்ணைப்புரம். ராசாத்தி கூப்பிட்டா."

அன்னத்தாய் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். வண்டி உத்தமபாளையத்தைத் தாண்டி, கோம்பையைத் தாண்டிப் போனது. ஆறு வருஷத்துக்கு முன் முக்கால் மணி நேரத்தில் வந்திருக்க வேண்டிய அந்த வழியில், அவர் ஒரு இடத்திலும் பிரேக்கில் கால் வைத்ததாக ஞாபகம் இல்லை.

பால்பாண்டி தென்னை மட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மச்சானைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நல்லது கெட்டது தவிர வேலுச்சாமி அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை.

"வாங்க மச்சான். என்ன திடீர்னு? புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

வேலுச்சாமி நேராக வீட்டுக்குள் போய், "அன்னைக்கு எங்கன உக்காந்திருந்தா?" என்று கேட்டார்.

எந்த அன்றைக்கு என்று பால்பாண்டி கேட்கவில்லை. ஜன்னலோரம் கிடந்த மர நாற்காலியைக் காட்டினான். பக்கத்தில் போன் வைக்கிற சின்ன மேசை, அதில் இப்போது பிள்ளைகளின் புத்தகம் கிடந்தது. வேலுச்சாமி நாற்காலியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மாப்ள, அன்னைக்கு லைன் ரிப்பேர் இல்ல" என்றார். "நாந்தான் கம்ப்யூட்டர்ல இருந்தேன். ரெண்டு மணியில இருந்து அஞ்சே முக்கா வரைக்கும் நாந்தான் இருந்தேன்."

பால்பாண்டி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் மச்சான்."

"தெரியுமா?"

"ரிப்பேர்னா ஒண்ணு சத்தமே வராது, இல்ல, மணி அடிச்சுக்கிட்டே கெடக்கும். அன்னைக்குப் பூராம் எங்கேஜ்டு சத்தம்ல கேட்டுச்சு. எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்." அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆட்டோ கொண்டாரேன்க்கா, ஆஸ்பத்திரி போயிருவோம்னு மூணு மணிக்கே சொன்னேன். கேக்கல. அவரு இந்நேரம் படம் ஏத்திக்கிட்டு இருப்பாரு, இப்ப முடிச்சிருவாரு, வண்டிய எடுத்துட்டு வந்துருவாருன்னு இந்த நாக்காலியிலயே உக்காந்திருந்துச்சு. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா போனை எடுத்துக் காதுல வச்சுப் பாக்கும். முடிஞ்சிருச்சான்னு கேப்பேன். இன்னும் இல்லடான்னு சிரிச்சுக்கிட்டே வைக்கும். அஞ்சு மணிக்குச் சிரிக்க முடியல. அப்புறந்தான் நான் கேக்காம அள்ளிட்டுப் போனேன்."

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? சிம்ரனுக்கு நீங்க ஒரு ஆளுதான இருக்கீக."

வேலுச்சாமி சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். இப்போது நெட்டில் இருந்தாலும் போன் மணி அடிக்கும். முதல் மணியிலேயே சிம்ரன் எடுத்தாள்.

"அப்பா, ஏட்டுல அம்மா பேருல எழுதியிருக்கு. நீயா எழுதுன?"

"இல்லத்தா. நீ அங்கனயே உக்காரு. அப்பா ஒண்ணு சொல்லணும். அம்மா போன அன்னைக்கு நம்ம லைன் ரிப்பேராகல. அப்பா கம்ப்யூட்டர்ல இருந்தேன். அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு, எனக்குக் கேக்கல. நாந்தாம்மா காரணம். ஊருக்குப் பூராம் பொய் சொல்லிட்டேன்."

அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிள்ளை போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தார், வைத்தால் அது நியாயம்தான் என்றும் நினைத்தார். வெளியே மழை கொஞ்சம் வலுத்தது.

"அம்மா கேட்டிருக்குல்ல," என்றாள் சிம்ரன். "பதில் எழுத வேண்டாமா?"

"எழுதணும். முடிஞ்சிருச்சு, வந்துட்டேன்னு எழுதுத்தா."

தட்டச்சு செய்கிற சத்தம் போனில் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். நடுவில் நின்றது.

"அப்பா."

"என்னம்மா?"

"நான் இன்னும் அனுப்பவே இல்ல. அதுக்குள்ள கீழ இன்னொண்ணு வந்திருக்கு."

"படி."

சிம்ரன் படித்தாள். "சரிங்க. வச்சிர்றேன்."

வேலுச்சாமிக்கு அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. எடுத்த அன்றுகூட மச்சான் இப்படி அழவில்லை என்று பால்பாண்டி பிறகு தன் மனைவியிடம் சொன்னான்.